‘கொரோனா பேட்ச்’ என்று சொல்லாதீர்கள்!



2019-ல் இந்தக் கல்லூரியில் இயந்திரவியல் பிரிவில் சேர்ந்து, 2022-ல் வெளியே போனவன் நான். “மலருக்குக் கல்லூரி நினைவுகள் ஏதாவது எழுதிக் குடுங்கண்ணா” என்று பேரவைத் தம்பிகள் வந்து கேட்டார்கள். எழுதலாம்தான். ஆனால் எங்கள் மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கையில் ஏறக்குறைய பாதி, ஆறு அங்குல செல்போனுக்குள்ளே அல்லவா நடந்தது! அதில் இனிய நினைவுகளைத் தேடினால் நெட் கட்டான சத்தம்தான் கேட்கிறது. ஆகவே இது நினைவுக் கட்டுரை அல்ல. எங்கள் மேல் ஒட்டப்பட்ட ஒரு பெயரோடு போடும் சண்டை!

அந்தப் பெயர் ‘கொரோனா பேட்ச்.’

வேலைக்கு நேர்காணல் போனால் சான்றிதழைப் புரட்டுகிறார்கள். வருடத்தைப் பார்த்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு. “ஓ... ஆல் பாஸா தம்பி?” கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் கேட்கிறார், “நீங்கெல்லாம் எழுதாமயே பாஸானவங்கதானுங்களே?” கேட்கிறவர் சிரித்துவிட்டுப் பாயசத்தைப் பார்க்கப் போய்விடுகிறார். கேட்டுக்கொண்டவனுக்கு அன்றைய சாப்பாடு இறங்குவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இழந்தது மார்க் அல்ல. தேர்வும் அல்ல. பட்டறையில் மெஷினுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டிய நேரத்தை இழந்தோம். அந்த நேரத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. திருப்பித் தரவும் இல்லை. ஆனால் பழியை மட்டும் எங்கள் சான்றிதழின் மேல் எழுதிவிட்டார்கள். இது நியாயமா?

பதினைந்து நாள் லீவு!

2020 மார்ச் 16. மறுநாளிலிருந்து மாதக் கடைசி வரை தமிழ்நாட்டில் கல்வி நிலையங்களுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. விடுதியில் ஒரே ஆரவாரம்! பதினைந்து நாள் லீவு என்றால் சும்மாவா? ரெண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ரெக்கார்டு நோட்டு, மினி டிராஃப்டர், பூட்டு போட்ட டிரங்குப் பெட்டி எல்லாம் அறையிலேயே கிடந்தன. “வந்து பாத்துக்கலாம்டா.”

22-ஆம் தேதி சுய ஊரடங்கு. 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அது நீண்டது, மறுபடியும் நீண்டது. அந்தப் பதினைந்து நாள் லீவு எங்களுக்கு முடிந்தது 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி. நடுவில் 2021 பிப்ரவரியில் கொஞ்ச நாள் கதவு திறந்தது. முகக்கவசத்தோடு ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் மார்ச்சில் மூடிவிட்டது. முதலாண்டுப் பையனாகக் கேட்டைத் தாண்டிப் போனவன், இறுதியாண்டு மாணவனாகத் திரும்பி வந்தேன். இரண்டாம் ஆண்டு என்று ஒன்று எங்கே போனது?

ஒரு நாள் எப்படிப் போனது?

“வீட்ல சும்மா உக்காந்து தின்னுட்டுத்தானே இருந்தீங்க” என்று சொல்பவர்களுக்காக இதை எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் எழுந்தால் முதல் வேலை வகுப்பு அல்ல, வீட்டு வேலை. அப்பாவுக்கு வேலை இல்லை. டெய்லர் கடை, டீக்கடை, மில், கட்டட வேலை எதுவாக இருந்தாலும் அன்று எல்லாம் ஒன்றுதான், பூட்டு! ரேஷன் கடை வரிசையில் வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் நின்றது பெரும்பாலும் எங்களைப் போன்ற பையன்கள்தான். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பணம் எந்தெந்தக் கடனுக்குப் போனது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. தெருமுனையில் டம்ளரில் கபசுரக் குடிநீர். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே ஓடி வந்தால், ஒன்பதரைக்கு கூகுள் மீட்.

போன் யாருடையது? அதுதான் கேள்வி. வீட்டுக்கு ஒரு போன். தங்கைக்குப் பள்ளிக்கூட வகுப்பு, எனக்குக் கல்லூரி வகுப்பு, அப்பாவுக்கு வேலைக்குக் கூப்பிடும் போன், எல்லாம் அது ஒன்றுதான். எங்கள் வகுப்பில் ஒரு நண்பனுடைய அம்மா காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துத்தான் அவனுக்குப் போன் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தோடு மீண்டு வந்ததா என்று நான் அவனிடம் கேட்டதில்லை. கேட்கக் கூடாத கேள்வி அது.

வகுப்பு ஆரம்பித்தால்... “சார், கேக்குதுங்களா?” “சார், எக்கோ அடிக்குது.” “யாருப்பா அது, மைக்க ஆஃப் பண்ணு!” எவன் வீட்டிலோ குக்கர் விசில். எவன் வீட்டிலோ சண்டை. அதை அறுபது பேரும் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி இருப்போம். கேமராவை ஆன் பண்ணச் சொன்னால் பாதிப் பேர் பண்ணமாட்டோம். திமிர் என்று நினைத்தார்கள். அது திமிர் இல்லைங்க. பின்னால் தெரியும் ஓட்டு வீட்டையும், ஒரே அறையில் படுத்திருக்கும் பாட்டியையும் வகுப்பு முழுக்கப் பார்க்க வேண்டாமே என்ற கூச்சம்.

சிக்னல் கிடைக்காத ஊர்க்காரன் கதை வேறு. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி மேல், காட்டு வரப்பு, கோயில் திண்ணை... எங்கே இரண்டு கோடு விழுகிறதோ அங்கேதான் அவனுக்குக் கல்லூரி. மழை வந்தால் அவனுக்கு ஆப்சென்ட்.

பெண்கள் நிலைமை இதைவிடக் கஷ்டம். “போன்ல என்னடி எந்நேரமும்?” என்ற கேள்வி ஒரு பக்கம், சமையல், பாத்திரம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மறுபக்கம். ஒரு தோழி சொன்னாள், “எனக்குக் காலேஜ்ங்கறது தெர்மல் இன்ஜினியரிங் கேட்டுட்டே வெங்காயம் உரிக்கறதுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியர்களையும் சொல்லாமல் விடக் கூடாது. கரும்பலகையில் அரை மணி நேரத்தில் வரைந்து காட்டும் படத்தை, மகனுடைய சிலேட்டில் வரைந்து போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தவர்கள் உண்டு. சம்பளம் பாதியானவர்கள் உண்டு. அவர்களுக்கும் அது புது இடம்தான். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

எத்தனை வீட்டில் இருந்தது?

“ஆன்லைன்ல எல்லாம் நடந்துச்சே” என்கிறார்கள். நடந்தது. யாருக்கு?

2017-18-ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வு ஒன்று இருக்கிறது, 75-ஆவது சுற்று. அதன்படி இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு நாலு வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. நகரங்களில் 23. இணைய வசதி கிராமத்தில் 15 வீடு, நகரத்தில் 42 வீடு. இது கொரோனாவுக்கு முன்னால் எடுத்த கணக்கு. அதாவது, ஊரடங்கு வரும்போதே நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தேதான் வகுப்பை வலைக்குள் கொண்டுபோனோம். வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு வழி இல்லாமல் செய்த ஒன்றை, சரியாக நடந்த ஒன்று போலப் பேசக் கூடாது அல்லவா?

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில், தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு, நாள் ஒன்றுக்கு 2 ஜிபி டேட்டா, ஏப்ரல் வரை நாலு மாதத்துக்கு இலவசம் என்று அரசு அறிவித்தது. பாலிடெக்னிக் மாணவர்களும் அதில் உண்டு. அந்த கார்டு எத்தனையோ பேருக்குக் கை கொடுத்தது. ஆனால் ஊரடங்கு தொடங்கி அதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. அந்தப் பத்து மாதத்தை நாங்கள் ‘நெட் பேக்’ கடன் வாங்கித்தான் ஓட்டினோம்.

கையில் போன் இருந்தவனுக்கு வேறு ஆபத்து. வகுப்பு முடிந்ததும் போன் முடியவில்லை. பப்ஜி! 2020 செப்டம்பரில் அதைத் தடை செய்தார்கள். அடுத்த நாளே வேறு ஒன்று வந்துவிட்டது. ராத்திரி மூன்று மணி வரை விளையாட்டு, காலையில் மீட்டைப் போட்டுவிட்டுத் தூக்கம். ஆன்லைன் ரம்மியில் வீட்டுக் காசைத் தொலைத்தவனும் இருந்தான். இதையும் மறைக்காமல்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பதினேழு வயசுப் பையனை ஒன்றரை வருடம் நாலு சுவருக்குள் ஒரு போனோடு பூட்டி வைத்தால், அவன் என்ன திருவாசகமா படிப்பான்?

கையும் கண்ணும் காதும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கலைக் கல்லூரி நண்பர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் படிப்பில் பாதியையாவது ஒரு புத்தகத்தை வைத்து ஓட்டிவிடலாம். நம் படிப்பு கையில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை நம் முன்னோர் டிப்ளமோகாரனுக்காகவே சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது!

லேத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது இரண்டாம் ஆண்டில். டூல் சென்டர் ஹைட்டில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி. வீடியோவிலும் ஒரு வரி. இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஃபேசிங் பண்ணி முடித்ததும் நடு மையத்தில் குட்டிக் கொப்புளம் மாதிரி ஒரு துண்டு நிற்கும். அதைக் கண்ணால் பார்த்து, டூலுக்கு அடியில் தகடு வைத்து ஏற்றி, மறுபடி ஓட்டி, கொப்புளம் போனதும் “அப்பாடா” என்று ஒரு மூச்சு விட்டவனுக்கு அந்த வரி ஜென்மத்துக்கும் மறக்காது. வீடியோ பார்த்தவனுக்குப் பரீட்சை வரைக்கும் ஞாபகம் இருக்கும்.

வெட்டு ஆழமாகிவிட்டால் மெஷின் சத்தம் மாறும். சுருள் நீலம் பாய்ந்து வந்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியால் இழுக்க வேண்டும். ஓடும் லேத்துக்கு முன்னால் கையுறை போடக் கூடாது. சக் கீயை சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடக் கூடாது. இவையெல்லாம் இரண்டு மார்க் கேள்விகளா? இவை விரல்களைக் காப்பாற்றும் பழக்கங்கள். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டரைப் படிப்பதைப் பலகையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை எந்தத் திரையில் காட்டுவது?

மற்ற பிரிவுகளையும் கேட்டுப் பாருங்கள். சிவில்காரன் செயின் சர்வேயை வீட்டு முற்றத்திலா செய்வான்? கான்கிரீட் கியூபை வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டு, நொறுக்கிப் பார்க்காமல் அதன் பலம் எப்படித் தெரியும்? எலக்ட்ரிக்கல்காரன் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் காகிதத்தில் கோடு போட்டே முடித்தான். எலக்ட்ரானிக்ஸ்காரனுக்கு சால்டரிங் அயர்ன் எவ்வளவு சுடும் என்று தெரியாது. ‘கம்ப்யூட்டர்காரனுக்கு என்ன கவலை, ஆன்லைன்தானே’ என்பீர்கள். அவனிடம் கம்ப்யூட்டர் இல்லையே! சி புரோகிராமைப் போனிலேயே கட்டை விரலால் தட்டியவர்கள் எங்கள் கல்லூரியில் இருந்தார்கள்.

பட்டறையிலிருந்து ‘பிரசன்ட் சார்!’

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்பதா, வேதனை என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

நம் கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்குத் தெரு ஜாப் ஆர்டர் லேத் பட்டறைகள். பம்புக்கும் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் பாகம் போட்டுக் கொடுக்கிற இடங்கள். 2020 மே மாதம் வடமாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களில் ஊருக்குப் போனார்கள். அதே சமயத்தில் தளர்வு வந்து பட்டறைகள் மெள்ளத் திறந்தன. மெஷின் இருக்கிறது, ஆள் இல்லை. அப்போது யார் போனது? நாங்கள்தான்! வீட்டுக் கஷ்டத்துக்கு எங்கள் வகுப்பில் பலபேர் பட்டறைக்குப் போனோம். நானும் போனேன்.

போன் சட்டைப் பையில். காதில் ஒயர். பெயரைக் கூப்பிட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு “பிரசன்ட் சார்!” அப்புறம் மறுபடி மெஷின். பட்டறைக்கார அண்ணன் முதல் நாளே பார்த்துவிட்டார். “தம்பி, மெசினு ஓடறப்ப காதுல ஒயரு இருக்கப்படாது. பாடம் கேக்கோணும்னா வெளிய போயிக் கேளு. வேல செய்யோணும்னா ஒயரக் கழட்டு.” கழற்றினேன். அன்றைக்கு மீட்டில் ஓடிய பாடம் என்ன தெரியுமா? லேத்தின் பாகங்கள்!

அந்தப் பட்டறையில்தான் நான் லேத் கற்றேன். ஒரே மாதிரி நானூறு பீஸ் போட்டபிறகு கை தானாக அளவை உணர்ந்தது. ஆகவே பட்டறைக்குப் போன பையன்கள் தப்பித்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டறையில் ஒருவன் ஒரே வேலையைத்தான் கற்பான். டேப்பரும் த்ரெட்டும் மில்லிங்கும் அவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? ஏன் அந்த வேகம், ஏன் அந்தக் கோணம் என்று கேட்டால் பதில் சொல்ல நேரம் யாருக்கு? நண்பன் ஒருவனுக்கு வேறொரு பட்டறையில் விரல் நுனி போனது. காப்பீடு இல்லை, கேட்க ஆள் இல்லை. கல்லூரிப் பட்டறையில் முதல் வாரம் முழுக்க “எதைச் செய்யக் கூடாது” என்றுதான் சொல்லித் தருவார்கள். அந்த ஒரு வாரம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

பட்டறைக்குப் போகமுடியாத தோழிகளுக்கோ இரண்டும் இல்லை. கல்லூரி லேத்தும் இல்லை, தெரு லேத்தும் இல்லை.

ஆல் பாஸ்: வரமா, வடுவா?

2020 ஜூலையில், இறுதியாண்டு தவிர மற்ற மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வு ரத்து என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். பாலிடெக்னிக்குக்கும் சேர்த்துத்தான். ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் அரியரும் பாஸ் என்றார். ஊரெல்லாம் நன்றிச் சுவரொட்டிகள்! வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேர்வே நடத்தாமல் அரியரில் தேர்ச்சி கொடுப்பதை ஏற்க முடியாது, தேர்வு நடத்துங்கள் என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. அதற்குப்பின் தேர்வுகள் ஆன்லைனில் நடந்தன.

இதில் யார் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. நோய் பரவும்போது லட்சக்கணக்கான பிள்ளைகளை ஹாலில் உட்கார வைக்க முடியாது; ரத்து செய்ததில் தப்பே இல்லை. நான் கேட்பது வேறு. தேர்வைப் பற்றி நீதிமன்றம் வரை பேசினோம். செய்முறைப் பயிற்சி போனதைப் பற்றி யார் பேசினார்கள்? டி.வி.யில் விவாதம் நடந்ததா? சுவரொட்டி ஒட்டினோமா? ‘பாஸா, ஃபெயிலா’ என்ற ஒரே கேள்வியில் எல்லாரும் நின்றுவிட்டோம். மாணவர்களாகிய நாமும்தான். ‘வேலை தெரியுமா, தெரியாதா’ என்ற கேள்வி அனாதையாகப் போய்விட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றல் இழப்பு என்று அரசு ஒப்புக்கொண்டது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கி, 1 முதல் 8-ஆம் வகுப்பு வரைப் பிள்ளைகளுக்கு மாலையில் தன்னார்வலர்களை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அருமையான காரியம்! ஆனால் இரண்டாம் ஆண்டு முழுக்க லேத்தையே தொடாத எங்களுக்கு ‘பட்டறை தேடிக் கல்வி’ எதுவும் நம் கல்லூரியில் நடக்கவில்லை. 2021 செப்டம்பரில் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பி வந்தோம். வந்ததும் இறுதியாண்டுப் பாடம் ஆரம்பித்துவிட்டது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி மூடினார்கள். பிப்ரவரி 1-ல் திறந்தார்கள். பிராஜெக்ட், ரெக்கார்டு, கேம்பஸ் என்று ஓடி முடித்துவிட்டோம். சக்கில் ஜாப்பை மாட்டத் தெரியாமல் முழித்த இறுதியாண்டு மாணவர்களை, முதலாண்டுத் தம்பிகள் எட்டி நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது.

வராமல் போனவர்கள்

திரும்பி வந்தவர்கள் கதை இது. வராதவர்கள்?

எங்கள் வகுப்பில் செப்டம்பர் 1 அன்று வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டார்கள். சில பெயர்களுக்குப் பதில் இல்லை. ஒருவன் அப்பாவை இரண்டாம் அலையில் இழந்தவன். தம்பி தங்கைக்காக டெலிவரி வேலைக்குப் போய்விட்டான். ஒரு தோழிக்கு ஊரடங்கிலேயே கல்யாணம். ஐம்பது பேரோடு சிக்கனமாக முடித்துவிடலாம் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ந்து, “அடுத்த வருசம் வர்றேன்டா” என்றவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

‘கொரோனா பேட்ச்’ என்று சிரிப்பவர்களே! நீங்கள் பார்த்துச் சிரிக்கும் சான்றிதழ், இத்தனையையும் தாண்டி வந்தவன் கையில் இருக்கிறது. அது கூடக் கைக்கு வராதவர்கள் உண்டு என்பதை நினைத்துவிட்டுச் சிரியுங்கள்.

என்ன செய்யலாம்?

“முடிஞ்சு போன கதைய ஏன்ணா கிண்டறீங்க?” என்று இதைப் படிக்கிற தம்பி கேட்கலாம். தம்பி, இது உன் கதையும்தான். நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ எட்டாவதோ. பின்னமும் தசமமும் சொல்லித்தர வேண்டிய வருடத்தில் உனக்கும் போன்தான் வாத்தியார். இன்று வெர்னியர் கணக்கில் நீ தடுமாறினால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது. உன்னையும் நாளைக்கு ஏதாவது ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்.

அதனால் பேரவைக்கு நாலு யோசனை வைக்கிறேன்.

ஒன்று. மாலையில் நாலரை மணிக்குப் பட்டறைக்குப் பூட்டு விழுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது ஆறரை வரை, சனிக்கிழமை மதியம் வரை, இன்ஸ்ட்ரக்டரோடு திறந்து வைக்கக் கேளுங்கள். கூடுதல் வேலைக்கு அவருக்கு ஊதியம் கொடுக்கவும் சேர்த்துக் கேளுங்கள். மெஷின் சும்மா நிற்பதால் யாருக்கு லாபம்?

இரண்டு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு ‘தெரிந்துவிட்டது’ என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு ஜாப்பை யார் துணையும் இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரை நீங்களே செய்து முடியுங்கள். மார்க்குக்காக அல்ல; உங்களுக்காக.

மூன்று. எங்களைக் கூப்பிடுங்கள். 2020-லும் 2021-லும் பட்டறையைத் தவறவிட்ட பழைய மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஒரு வாரம் கதவு திறக்கட்டும். வேலையில் தேர்ந்துவிட்டவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருகிறோம். கற்க வேண்டியவர்கள் உங்களோடு நின்று கற்கிறோம். நடுவில் நின்றுபோனவர்களின் பட்டியலை எடுத்து, மறுபடி சேர வழி இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரித்து அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒருவன் வந்தாலும் அது பேரவையின் சாதனைதான்.

நாலு. நாளைக்கு வெள்ளமோ புயலோ வேறு நோயோ வரலாம். மறுபடி மூடும் நிலை வந்தால், திறக்கும்போது கையால் கற்கிறவர்களை முதலில் உள்ளே விடச் சொல்லுங்கள். பத்துப் பத்துப் பேராக, இடைவெளி விட்டு, ஷிஃப்ட் போட்டு. தியரியைப் போனில் கேட்டுக்கொள்ளலாம், அதற்கு இப்போது நமக்குப் பழக்கம் இருக்கிறது. லேத்தைப் போனில் ஓட்ட முடியாது.

தொழிற்சாலை நடத்தும் பெரியவர்கள் யாராவது இந்த மலரைப் புரட்டினால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சான்றிதழில் வருடத்தைப் பார்க்காதீர்கள். பையனையோ பெண்ணையோ மெஷினுக்கு முன்னால் நிறுத்துங்கள். ஒரு ராடைக் கையில் கொடுங்கள். தெரிந்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். எங்களுக்கு இல்லாமல் போனது புத்தி அல்ல, அந்த ஒரு மாதம்தான்.

தம்பிகளே, தங்கைகளே! உங்களுக்கு லேத் இருக்கிறது, இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார், நேரம் இருக்கிறது. இன்று மதியம் வொர்க்ஷாப் பீரியடைக் கட் அடித்துவிட்டு கேண்டீனுக்குப் போகலாமா என்று யாராவது கூப்பிட்டால், “நீ போடா, நான் அப்புறமா வர்றேன்” என்று சொல்லுங்கள். டீ எங்கேயும் போய்விடாது.

– முன்னாள் மாணவன்,
இயந்திரவியல் (2019–22)